ஐம்பத்து மூன்றரை

ஜெனரல் சாண்டோஸ் மீன்துறையில்
விடிய இன்னும் நேரமிருக்கும்போது சூரை இறங்கும்.
ஆளுக்கொரு மீனாய்த் தோளில் சாய்த்து
நீரிலிருந்து ஏறி வருகிறார்கள்.
நான் தராசுக்காரி.
எடை சொல்வேன், எழுதுவேன்.
வேறு பேச்சுக்கு எனக்குச் சம்பளமில்லை.

அறுபத்தெட்டு.

"ஏழு பவுண்டெல்லாம் ஒரு எடையா?" என்கிறான் எல்பிடியோ,
அறுபத்தெட்டு கிலோவைத் தட்டில் சரித்தபடி.
"மலுன்சாக் முன்னால் போகவே பிறந்தவன்.
பின்னால் ஒரு அடி வைத்ததை எவன் பார்த்தான்?
மூன்று குத்து வாங்கி ஒன்று கொடுப்பான்.
அந்த ஒன்றில் எதிராளிக்குத்
தன் பெயரே மறந்துபோகும்."

"மூன்று வாங்குவதற்குப் பெயர் ஆட்டமா?"
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த செவெரோ விடமாட்டான்.
"நெருக்குவது வேறு, துரத்துவது வேறு.
நெருக்கத் தெரிந்தவன் காலாலேயே கதவைச் சாத்துவான்.
இடப்பக்கம் போனால் அங்கே நிற்பான்,
வலப்பக்கம் போனால் அங்கேயும்.
முதுகில் கயிறு உரசும்போதுதான்
அகப்பட்டவனுக்கு வலை தெரியும்.
உன் ஆள் ஓடுவது
கடைசி பஸ்ஸை விட்டவன் ஓட்டம்."

சிரிப்பு. ஐம்பத்தொன்பது.

ரொசௌரோ சிரிக்கவில்லை.
மெல்லிய கம்பியை மீனின் விலாவில் செருகி
விரல் நீளச் சதையை உருவி
விளக்கில் பிடித்துப் பார்ப்பது அவன் வேலை.
சிவப்பு தேறாவிட்டால்
ஜப்பானுக்குப் போக வேண்டியது
உள்ளூர்ச் சந்தையோடு நின்றுவிடும்.
"நூற்றுப் பதினைந்தில் விலாவைத் தொட்டாலே மடிந்தார்கள், சரி.
நூற்று இருபத்திரண்டுக்காரன்
எடை காட்டிய மறுநாள் ரிங்குக்குள் வரும்போது
நூற்று முப்பத்தைந்து இருப்பான்.
அதே குத்தை வாங்கிக்கொண்டு
அப்புறம் என்ன என்று பார்ப்பான்.
சதையைக் கூட்டலாம்.
எலும்பை எந்தக் கடையில் வாங்குவது?"

"வளர்ந்துவிட்டானப்பா! வளர்ந்தவன்
எத்தனை நாள் பட்டினி கிடந்து
பழைய சட்டைக்குள் நுழைவான்?
போன சண்டைக்கு எச்சிலைத் துப்பித் துப்பி
அரைக் கிலோ இறக்கினானாம்.
இனி வயிறாரச் சாப்பிடுவான்.
சாப்பிட்டவன் அடியை ஞாயிற்றுக்கிழமை பார்."

வயிறாரச் சாப்பிடுவான் என்றதும்
செவெரோகூட ஐஸ் உடைப்பதை நிறுத்தினான்.
அதை மறுக்க இந்தத் துறையில்
யாருக்கும் மனம் வராது.

எழுபத்தொன்று.

நான் சொல்லவில்லை.
போன செவ்வாய், துறை கழுவி முடித்து
விளக்கணைக்கப் போன நேரம்
தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஒருவன் வந்தான்.
செருப்பைக்கூடக் கழற்றாமல் தராசில் ஏறி,
செதில் ஒட்டிய தட்டில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
மூச்சுக்கு எடை உண்டு என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஐம்பத்து மூன்றரை.
ஜீன்ஸ், சாவிக்கொத்து எல்லாம் சேர்த்து.
வரம்புக்கு இரண்டு கிலோ கீழே.

"வேளைக்கு மூன்று தட்டு சோறு, ஒரு மாதமாய்.
ஏறவே மாட்டேன் என்கிறது, அக்கா.
கீழே எவனும் என்னோடு மோத வருவதில்லை.
மேலே கூப்பிட்டார்கள்.
பத்து மடங்கு பணம்."
இறங்கும்போது சொன்னான்:
"எழுதிவிடாதே."

கை பழகிவிட்டது, எழுதியிருந்தேன்.
படகின் பெயர் வரவேண்டிய இடம் மட்டும்
இன்னும் காலியாயிருக்கிறது.

இப்போது எல்பிடியோ தொப்பியைக் கவிழ்த்துப்
பந்தயப் பணம் திரட்டுகிறான்.
"நீ சொல், எடை உன் தொழிலாயிற்றே."
நூறு பெசோ எடுத்து
மலுன்சாக் பேரில் போட்டேன்.
ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள்.
அவன் பேரில் போடாமலிருக்கக்
கை வரவில்லை, அவ்வளவுதான்.

"பார்த்தாயா!" கத்துகிறான் எல்பிடியோ.
"தராசுக்காரியே வைக்கிறாள்!"
ரொசௌரோ என்னை ஒருமுறை பார்த்தான்,
கம்பியைச் செருகுவதுபோல.
பிறகு அவனும் இருநூறு எடுத்தான்.
செவெரோ ஐஸ் கையோடு ஐம்பது நீட்டினான்,
நனைந்த தாள்.

அடுத்த மீன் தட்டில் விழுந்தது.
முள் ஆடிக்கொண்டிருக்கிறது.
நிற்கட்டும் என்று
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.